பெருநாள் படத்தின் ஓரம்

அன்று குடும்ப நீதிமன்றத்தின் ஆலோசனை அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்குப் பின்னால் ஆலோசகர் சுஷமா மேடம். வலது பக்கம் டேவிஸ், அவனை ஒட்டி அவன் அம்மா ரோஸிலி. சன்னலோரம் டேவிஸின் வக்கீல். இடது பக்க நாற்காலியில் லிஜி, தனியாக. அவளுடைய வக்கீல் மினி வேறொரு வழக்கில் மாட்டிக்கொண்டாள்.

ஆறு வயது அன்னா யாரிடம் வளர்வது என்பதுதான் வழக்கு. தீர்ப்பு வரும்வரை ஞாயிறுகளில் அப்பாவிடம் அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. ஜனவரியில் ஒரு ஞாயிறு, காய்ச்சல் என்று லிஜி அனுப்பவில்லை.

வக்கீல் ஒரு தாளை மேசையில் வைத்தார். அதே ஞாயிறு லிஜி ஃபேஸ்புக்கில் போட்ட படம். மாதா கோயில் திருவிழாவான அம்பு பெருநாளின் ஊர்வலத்தில் அவள், இடுப்பில் அன்னா.

"காய்ச்சல்ல கெடந்த பிள்ளை பேண்டு மேளத்துக்கு நடுவுல சிரிக்குது பாருங்க மேடம்."

"அது போன வருஷத்துப் படம். இந்த வருஷம் போக முடியலையேன்னு போட்டேன். சேலை பச்சை பாருங்க. இந்த வருஷம் எங்க வார்டுக்கு ஊதா."

பெருநாளுக்குக் கோயில் வார்டுப் பெண்கள் எல்லாரும் ஆண்டுக்கொரு நிறத்தில் ஒரே சேலை எடுப்பார்கள்.

"பழசையே கட்டிக்கிட்டுப் போயிருப்பா," என்றாள் ரோஸிலி.

"சேலையா வாங்கி அடுக்குறாளேன்னு தானே அம்மச்சி என்னை ஏசுவீங்க? இப்ப பழசு கட்டுறவளாயிட்டேனா?"

சுஷமா மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சரி மோளே. டாக்டர் சீட்டு இருக்கா?"

"வீட்டுலயே மருந்து கொடுத்தேன்."

"நோட்டீஸ் வந்ததும் ஃபேஸ்புக் பக்கத்தையே ஏன் அழிச்சே?"

லிஜி பயந்துபோய்த்தான் அழித்திருந்தாள். போன வருடத்துப் பதிவும் அதோடு போனது; பழைய போனும் இல்லை. எப்படிச் சொன்னாலும் ஒளித்தது போலத்தான் இருந்தது. பச்சை போன வருடம்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. டேவிஸ் படத்தைப் பார்த்தான். பிறகு சன்னலைப் பார்த்தான்.

வீட்டில் அந்தத் தாளின் நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூலையில் மங்கலாக ஏதோ கறை. துடைத்தாள், போகவில்லை. கறை இல்லை, கட்டைவிரல். டேவிஸ் எடுக்கும் எந்தப் படத்திலும் அது வராமல் இருந்ததில்லை. மூணாறில் எடுத்த படத்தில் மலையில் பாதியை அதுதான் மறைத்திருந்தது. போன வருடம் ஜூனில் பிரிந்த பிறகு அவன் அவளைப் படம் எடுத்ததில்லை. அப்படியானால் இதை எடுத்தவனே அவன்தான், பிரிவதற்கு முன்னால், போன வருடப் பெருநாளில். மறந்துவிட்டானா? தெரிந்தே உட்கார்ந்திருந்தானா?

மினியைப் போனில் கூப்பிட்டாள்.

"மேடத்துக்கு எழுதி அனுப்பு, காப்பி எனக்கு. ஆனா லிஜி, இனிமே எதையும் அழிக்காதே, கேட்டியா!"

எழுதினாள். ஒன்று, பக்கத்தை அழித்தது நான்தான், பயத்தால். இரண்டு, படத்தை எடுத்தவர் என் கணவர். அவர் போனில் போன வருட ஜனவரிப் படங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று, அவர் பொய் சொல்கிறாரா, மறந்துவிட்டாரா, எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வேண்டாமோ என்று அடிக்கப் பேனாவைக் கொண்டுபோனாள். அடித்தால் அதற்கும் ஏன் என்று கேட்பார்கள். அப்படியே விட்டு, மடித்து, உறையை ஒட்டி, பதிவுத் தபாலில் சேர்த்தாள்.