இடதுபக்கம் சாய்ந்த ஸ்டியரிங்

அப்பாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும் வழியில் மகளுக்குக் கோபம்தான் வந்தது. சாலை நூல் பிடித்தாற்போல் கிடந்தது, வண்டியும் நேராகத்தான் போனது, ஆனால் ஸ்டியரிங் மட்டும் இடதுபக்கம் சாய்ந்து நின்றது. அதை நிமிர்த்திப் பிடித்தால் வண்டி வலதுபக்கம் ஒதுங்கியது. முப்பது வருஷம் ஊரார் வண்டிக்கெல்லாம் வீல் அலைன்மென்ட் பார்த்துக் கொடுத்த மனுஷன், சொந்த வண்டியை இப்படியா விட்டுவைப்பார்?

"சித்தப்பா, நீங்களாவது கேட்டிருக்கக் கூடாதா?" என்றாள், பின்சீட்டிலிருந்த அப்பாவின் தொழில் கூட்டாளியிடம்.

"கேக்காம இருப்பேனா? கடைக்கு வர்றவன் போறவன்லாம் கிண்டல் பண்ணுவான். அண்ணன் சிரிச்சுக்கிட்டே டீயக் குடிச்சிட்டுப் போயிடுவாரு."

பக்கத்திலிருந்த அம்மா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்னாரு. ரெண்டு வருஷமா நானும் வாய் ஓயாம சொல்லிப் பாத்துட்டேன்."

அம்மா வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடப்பவர்களைக் கவனிக்கும் நர்ஸ். அடுத்த வாரம் இதே வண்டியில் தனியாகக் கிளம்ப வேண்டும். மகள் ஊருக்குப் போவதற்குள் இந்த ஒன்றையாவது அம்மாவுக்குச் செய்து கொடுத்துவிட நினைத்தாள். வண்டியை நேரே அப்பாவின் பட்டறைக்கு விட்டாள்.

சித்தப்பா வெள்ளைச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு வண்டியை மெஷினில் ஏற்றினார். திரையை வெகுநேரம் பார்த்தார். "சக்கரத்துல ஒரு குறையும் இல்ல. புது வண்டிகூட இவ்வளவு சுத்தமா இருக்காது." பிறகு ஸ்பானரோடு வண்டிக்கு அடியிலிருந்த பள்ளத்தில் இறங்கினார். "ரெண்டு சக்கரத்துக்கும் போற ராடுல ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை. அதான் ஸ்டியரிங் கோணல். பத்து நிமிஷ வேலை."

ஸ்பானர் நட்டைக் கவ்வும் சத்தம் கேட்டது. அதோடு நின்றுவிட்டது.

"பாப்பா, இங்க வா."

இரண்டு நட்டிலும் பச்சைப் பெயின்ட்டில் ஒரு புள்ளி. மனசுக்குத் திருப்தியாக முடிந்த வேலையில் மட்டும் அப்பா வைப்பது. பச்சை இருந்தால் யாரும் கை வைக்கக் கூடாது என்பது கடைச் சட்டம்.

"ஒண்ண எவ்வளவு நீட்டினாரோ, அவ்வளவு இன்னொண்ணக் கொறச்சிருக்காரு. இம்மி பிசகல. வேணும்னே செஞ்சிருக்காரு."

"எதுக்கு சித்தப்பா?"

சித்தப்பா பச்சைப் புள்ளியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

அம்மா அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அலமாரியிலிருந்த தண்ணீர் பாட்டிலுக்கு இடது கையைத் தூக்கியவள், பாதியிலேயே முகம் சுளித்து வலது கையால் எடுத்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நோயாளி வீட்டு மாடிப்படியில் விழுந்ததில் போன தோள் அது.

"இன்னும் வலிக்குதாம்மா?"

"நெஞ்சு வரைக்கும் தூக்கறதே பெரும்பாடு. வண்டில உக்காந்தா மட்டும் வலிக்கறதில்ல, அதென்ன மாயமோ. விழுந்த புதுசுல ஓட்டவே முடியல. ரெண்டு கையும் ஸ்டியரிங்கோட குறுக்குக் கம்பில இருந்தாதான் எனக்கு ஓட்ட வரும். வேலைய விட்டுடறேன்னு அழுதேன். பத்து நாள் பொறு, கை பழகிடும்னாரு உங்கப்பா. சொன்ன மாதிரியே பழகிடுச்சு."

மகள் வண்டிக்குள் பார்த்தாள். சாய்ந்த ஸ்டியரிங்கில் இடதுபக்கக் கம்பி நான்கு விரற்கடை தாழ்ந்திருந்தது. ஊர்க் கிண்டலையும் பெண்டாட்டி பேச்சையும் இரண்டு வருஷம் டீயோடு சேர்த்து விழுங்கியிருக்கிறார். போன மாதம்கூட அவளே போனில் கேலி செய்தாள். எப்பேர்ப்பட்ட மனுஷன்! பள்ளத்திலிருந்து ஏறி வந்த சித்தப்பாவின் கன்னத்தில் கிரீஸ் ஈரமாக இழுபட்டிருந்தது.

"என்ன, சரியாயிடுச்சா?" என்றாள் அம்மா.

சித்தப்பா மகளைப் பார்த்தார். பிறகு ஸ்பானரைத் துடைத்து அதன் இடத்தில் மாட்டினார்.

"பழைய வண்டி அண்ணி. அப்படித்தான் இருக்கும்."

"நல்லா சொன்னீங்க போங்க. அவரோட சேர்ந்தவர்தானே நீங்களும்!" அம்மா சாவியை வாங்கிக்கொண்டாள். "நானே ஓட்டறேன், தள்ளு."

மகள் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அம்மாவின் இடது கை, தாழ்ந்திருந்த கம்பியில் நோகாமல் போய் உட்கார்ந்தது. வண்டி நேராகப் போனது.