பத்துக் கேள்விக்கும் ஒரே டிக்

மடியில் நான்கு மாதக் குழந்தையோடு தடுப்பூசி அறையில் உட்கார்ந்திருந்தவளுக்கு உள்ளூரப் பயம். ஊசி அப்போதே போட்டாயிற்று. பயமெல்லாம் எதிர் மேசையில் தாளோடு உட்கார்ந்திருந்த ஆய்வுக்காரியை நினைத்துத்தான்.

ஊரை விட்டு இந்த நாட்டுக்குக் குடிவந்த தாய்மார்களின் மனநிலையைப் பற்றி ஆராய்ச்சியாம். தமிழிலேயே பத்துக் கேள்விகள். "இஷ்டம் இல்லன்னா விட்டுடலாம்மா" என்று தன்மையாகத்தான் சொன்னாள். விட்டால் ஏன் விட்டாள் என்று தோண்டமாட்டார்களா?

மாடிவீட்டு வக்கீலம்மா முந்தின நாளே எச்சரித்திருந்தாள். கோர்ட் வாசலை மிதித்தவள் இல்லை. ஊருக்கெல்லாம் சட்டம் பேசியே வந்த பட்டப்பெயர். "அழுதேன் கிழுதேன்னு வாயக் குடுத்தே, பிள்ள வளக்கத் துப்பில்லன்னு கவர்மெண்டுல வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க. கேள்விய படிக்கவே படிக்காத. 'ஒருபோதும் இல்லை'ன்னு கடைசியில ஒரு கட்டம் இருக்கும். எல்லாத்துக்கும் அதுலயே டிக் போட்டுட்டு ஓடி வந்துடு."

அப்படியே மேலிருந்து கீழே மளமளவென்று போட்டுக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"கொஞ்சம் உக்காரும்மா."

போச்சு! குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். கண் வாசலைத் தேடியது.

ஆய்வுக்காரி பெருமூச்சு விட்டாள். "இந்த மாசம் இது பதினேழாவது. எல்லாம் இதே மாதிரி. யாரு சொல்லிக் குடுத்தான்னு கேக்கல. முதல் கேள்விய மட்டும் படிச்சுப் பாரேன்."

'குழந்தையைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.' அதற்கு நேராக அவள் போட்ட டிக்: ஒருபோதும் இல்லை.

"மத்த பதினாறு பேரும் இதப் பாத்ததும் அய்யய்யோன்னு தலையில அடிச்சுக்கிட்டாங்க. மாத்திப் போட்டுட்டுப் போனாங்க. இந்தா, புதுத் தாள்."

ஒரே ஒரு டிக்கை மாற்றினால் தப்பித்துவிடலாம். பேனாவை எடுத்தாள். குழந்தை அவள் முகத்தைப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. அவள் உதடு அசையவில்லை. நான்கு மாதமாகவே அசையவில்லை. யாருடைய பிள்ளையோ சிரிப்பது போலிருந்தது. பெற்ற வயிறு இப்படியா இருக்கும் என்று தன்னை நினைத்தே அவளுக்குப் பயம். புருஷனிடம்கூட மூச்சு விட்டதில்லை.

"மேடம், உள்ளதச் சொன்னா பிள்ளையத் தூக்கிட்டுப் போயிடுவீங்களா?"

"அய்யோ, அதுக்கு வரலம்மா. சிரமமா இருந்தா பக்கத்து ரூம் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவேன். நானும் கூடவே உக்காருவேன்."

அவள் முழுசாக நம்பவில்லை. ஆனாலும் இந்த முறை ஒவ்வொரு கேள்வியாகப் படித்தாள். தூக்கம் வரவில்லையா? காரணமில்லாமல் அழுகிறீர்களா? மற்ற ஒன்பது டிக்கும் 'எப்போதும்' என்ற முதல் கட்டத்துக்கு மாறின.

முதல் கேள்விக்கு மட்டும் மறுபடியும் கடைசிக் கட்டத்தில் போட்டாள்.

"இது தெரியாம போட்டது இல்லக்கா" என்றாள். "அந்தப் பழைய தாள்ல இது ஒண்ணுதான் நெசம்."

தாளை நீட்டினாள். இன்னொரு கை குழந்தையின் சட்டையை விடவேயில்லை.