மோகனூர்ப் பூவன்

“கடிச்ச வாழப்பழம் ஏம்மா கருக்குது? அதுக்கு வலிக்குதா?” என்று மகள் இலக்கியா ஒருமுறை கேட்டாள். வலியில்லை, பழத்திலிருக்கும் பீனால் சேர்மங்கள் காற்றுப் பட்டதும் நிறம் மாறுகின்றன என்று சண்முகப்பிரியா சொல்லிப் பார்த்தாள். குழந்தை நம்பவில்லை.

அந்தச் சேர்மங்களை அளப்பதுதான் சேலத்துக் கல்லூரி ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. பழத்தை அரைத்தெடுத்த சாற்றில் மருந்தை ஊற்றினால் நீலம் பூக்கும். நீலம் அடர்ந்தால் சேர்மம் அதிகம். மோகனூர்ப் பூவன் பூத்த நீலத்தில் மாவும் கொய்யாவும் தோற்றுப் போயின. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அவள் வாசிக்கப்போகும் முதல் ஆய்வு அது.

புதன்கிழமை எண்களைச் சரிபார்த்தபோது ஓரிடத்தில் பேனா நின்றது. ஒரே தாரில் வந்த பழங்களில், அவளே ஆய்வகத்தில் அறுத்த ஒன்று மட்டும் பாதி அளவுதான் காட்டியது. மற்றவற்றை அறுத்து ஐஸ் பெட்டியில் அடுக்கியவர் மோகனூர்த் தோட்டத்துக்காரர் காளியாத்தாள். உடனே போன் போட்டாள்.

“ஏனுங்கம்மா, அறுக்கறப்ப பழத்து மேல ஏதாச்சும் பட்டுச்சுங்களா?”

“நாந்தான் சாமி எலுமிச்சம்பழம் பிழிஞ்சு தடவியுட்டேன். இல்லீன்னா சேலம் போறதுக்குள்ள கருத்துப் போயிருமே! படிச்சவங்க முன்னாடி எங்கூட்டுப் பழம் மூஞ்சி கருத்து நிக்கோணுமாக்கும்?”

எலுமிச்சையில் இருக்கும் வைட்டமின் சி-யும் அந்த மருந்தை நீலமாக்கும். எது எதனால் வந்த நீலமென்று அதை அளக்கும் கருவிக்குத் தெரியாது. புதிய பழத்தில் மறுபடி செய்ய வேண்டும். வியாழக்கிழமையோ, கருவி பக்கத்து மேசை நந்தகுமாருக்கு ஒதுக்கிய நாள். அவனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“எடுத்துக்கோங்கக்கா. என் நாவப்பழம் ஐஸ்லதானே கெடக்கு, எந்திரிச்சு ஓடியா போயிரும்?” என்றவன், “உப்பு, மொளகாத்தூள் போட்டாங்களான்னும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க” என்று சிரித்தான்.

வியாழன் காலை காளியாத்தாளே முதல் பஸ்ஸில் ஒரு சீப்போடு வந்து இறங்கினார். இம்முறை பிரியாவே அறுத்தாள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில், “முதலில் வந்த அளவு தவறு. பழம் அறுக்கும்போது நான் கூட நிற்கவில்லை, பிழை என்னுடையது” என்றுதான் தொடங்கினாள். எலுமிச்சை யார் கையிலிருந்து வந்தது என்று சொல்லவில்லை. பூவன் மூன்றாம் இடத்துக்கு இறங்கியிருந்தது. ஆனாலும் கைதட்டினார்கள்.

அன்றும் பஸ் ஏறி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த காளியாத்தாள் எழுந்து வந்தார். “மூணாவதுன்னாலும் முழுசா எங்க பழத்தோடதுதானுங்க சாமி?”

“ஆமாங்கம்மா. ஒரு சொட்டுக்கூட இரவல் இல்லீங்க.”

அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து, காந்தமலை முருகன் கோயில் திருநீற்றை எடுத்து அவள் நெற்றியில் பூசிவிட்டார். அம்மாவும் மகளும்போல இருவரும் நிமிர்ந்து நடந்தார்கள்.

அவரைப் பஸ் ஏற்றிவிட்டு பிரியா ஆய்வகத்துக்குத் திரும்பினாள். எல்லோரும் போயிருந்தார்கள். நந்தகுமாரின் சோதனைக் குழாய்கள் கறையோடு தொட்டியில் கிடந்தன. மறுநாள் காலையில் வந்ததும் அவன் கழுவ வேண்டியவை. சேலையைச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேய்த்தாள், காய்ச்சி வடித்த நீரில் அலசினாள், அவன் மேசையில் வாய் கவிழ்த்து அடுக்கினாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.