கடிகாரக் கை, வெறும் கை

ரிமோட் விமானம் ஓட்ட யாரிடமும் பேச வேண்டியதில்லை. நான் அதில் இறங்கியதற்கு அதுதான் காரணம். நூலகத்தில் வேலை; வாயைத் திறக்காமல் ஒரு நாளைக் கடத்துவது எனக்குக் கைவந்த கலை. சொல்லிக்கொடுக்க ஆள் பிடித்தால் அவரோடு பேச வேண்டுமே என்று நானாகவே கற்றுக்கொண்டேன்.

அனுப்புவது சுலபமாக வந்துவிட்டது. திருப்பி வரவழைப்பதில்தான் தகராறு. விமானம் என்னைப் பார்த்து வரும்போது அதன் இடது என் வலதாகிவிடும். நான் யோசித்து முடிப்பதற்குள் அது மூக்கை மண்ணில் நட்டுவிடும். இரண்டு விமானங்கள் அப்படிப் போயின. மூன்றாவதோடு வந்தபோது மனைவி வாசலை மறித்து நின்றாள்.

"இதுவும் உடைஞ்சா, அந்தச் சின்ன ரூம்ல என் தையல் மெஷினைப் போட்டுடுவேன்."

நான் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கும் அறை அது. எனக்கு உலகத்தில் இருப்பதே அந்த ஒரு கதவுதான்.

யோசித்ததில் ஒரு வழி கிடைத்தது. விமானம் வரும்போது அதற்கு முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தால் அதன் இடதும் என் இடதும் ஒன்றாகிவிடும். அறைக்குள் ஒத்திகை பார்த்ததிலேயே கழுத்து பிடித்துக்கொண்டது. டாக்டர் கழுத்துப் பட்டை மாட்டிவிட்டார்; இனி திரும்பிப் பார்க்க முடியாது.

"பின்னாடி நடக்கிறதை நான் பார்த்துச் சொல்றேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து அதைத்தானே பண்றேன்?" என்றாள் மனைவி.

மைதானத்தில் எனக்கு எதிரே நின்றுகொண்டாள். இடது வலது என்றால் யாருடைய இடது என்று சண்டை வரும். அதனால் என் கைகளுக்குப் பெயர் வைத்தாள்: கடிகாரக் கை, வெறும் கை.

விமானத்தை ஏற்றி, தொலைவில் வளைத்து, அதற்கு முதுகைக் காட்டினேன்.

"வருது, நேரா வருது. என் தங்கச்சி வீட்டுக்காரரு இப்படி நேரா இருந்தா அவ ஏன் அழப்போறா? வேலையை விட்டதைச் சொல்லாம, தினம் டிபனைத் தூக்கிட்டுப் போய்ப் பார்க்குல உட்கார்ந்திருக்காரு... கடிகாரக் கை! கடிகாரக் கை! போதும். நாளைக்குப் போய்ப் பார்க்கலாம்னா நீங்க ஒரு முட்டையாவது வேகவைப்பீங்களா? வெறும் கை, லேசா. ஃப்ரிட்ஜ் வேற ஒழுகுது..."

கட்டளை எந்த வாக்கியத்தின் எந்த மூலையில் வரும் என்று தெரியாததால் ஒரு சொல்லைக்கூட என்னால் தவறவிட முடியவில்லை.

விமானம் என் தலைக்கு மேலே உறுமிக்கொண்டு போய் அவளை நோக்கி இறங்கியது. பேச்சை நிறுத்தாமலே சட்டென்று கீழே உட்கார்ந்தாள். அவளைத் தாண்டிப் புல்லில் சறுக்கி நின்றது. ஒரு கீறல்கூட இல்லை.

"ரூம் எனக்குத்தான்," என்றேன்.

"சரி, என் தங்கச்சி எதுக்கு அழறா? சொல்லுங்க பார்ப்போம்."

"வீட்டுக்காரரு வேலையை விட்டுட்டாரு. பார்க்குல உட்கார்ந்து டிபன் சாப்பிடறாரு. நீ நாளைக்குப் போகணும். போயிட்டு வா, முட்டையை நான் பார்த்துக்கிறேன். ஃப்ரிட்ஜுக்கும் ஆளைக் கூப்பிடறேன்."

அவள் வாயடைத்து என்னையே பார்த்தாள். நான் ஆயுள் முழுக்க ஆசைப்பட்ட அமைதி அது. அதில் நிற்கவே முடியவில்லை.

"ஏதாவது சொல்லேன்," என்றேன்.

அவள் எழுந்து புடவையில் ஒட்டிய புல்லைத் தட்டினாள்.

"முதல்ல அதை மேலே அனுப்புங்க. அப்புறம் சொல்றேன்."