தரப் பரிசோதகர், இரண்டு இடம்

வேலை இல்லாதவர்களும் ஏராளம், ஆள் தேவை என்று விளம்பரம் கொடுக்கும் கம்பெனிகளும் ஏராளம். இரண்டும் ஏன் ஒன்றுசேரவில்லை என்று கண்டறிவதுதான் அமீருன்னிசாவின் வேலை. பசுமலையில் ஒரு கல்லூரியின் பொருளாதார ஆய்வில் அவள் உதவியாளர். வருகிறவர்களுக்குத் திறமை போதவில்லை என்பது அவள் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த முடிவு. உதாரணம் வீட்டிலேயே இருந்தது. டிப்ளமா முடித்து மூன்று வருடமாக வேலை தேடும் அண்ணன் உபைதுல்லா.

"இன்டர்வியூல நாலு வார்த்தை பேசத் தெரியலைன்னா யாருண்ணே எடுப்பான்?" என்று போன வாரம்கூட சாப்பிடும்போது கேட்டாள். அவன் பாதிச் சோற்றோடு எழுந்து போனான்.

அன்று அவள் போனது திருமங்கலம் சாலையில் ஒரு ரப்பர் உதிரிபாகக் கம்பெனிக்கு. உபைதுல்லா நான்கு முறை வந்து வெறுங்கையோடு திரும்பிய இடம். 'தரப் பரிசோதகர், இரண்டு இடம்' என்ற விளம்பரம் இன்னும் இணையத்தில் இருந்தது. ஆய்வில் கம்பெனி பெயர் வராது என்று அவள் சொன்னதும் மேலாளர் சிவக்குமார் தாராளமாகப் பேச ஆரம்பித்தார்.

"இந்த வேலைக்குக் கடைசியா எப்ப சார் ஆள் எடுத்தீங்க?"

"எடுத்ததே இல்லம்மா. அப்படி ஒரு வேலையே இங்க கெடையாது."

அவள் பேனா நின்றது. "அப்ப விளம்பரம்?"

"மாசாமாசம் வாசல்ல இருபது பேரு ஃபைலோட உக்காந்திருந்தாத்தான் உள்ள இருக்கவன் சம்பளம் கூடக் கேக்க மாட்டான். முதலாளி யோசனை."

"வர்றவங்ககிட்ட என்ன கேப்பீங்க?"

"எதையாவது கேப்போம். பதில் சரியா இருந்தாலும் பத்தலைன்னு அனுப்பிருவோம்."

அடுத்த கேள்வி தாளில் இருந்தது. எழுத்துகள் கண்ணில் பட்டன, மண்டையில் ஏறவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தாள். இஸ்திரி போட்ட சட்டையோடு பெஞ்சில் ஒன்பது பேர்.

"இங்க வேலை இல்ல. வீட்டுக்குப் போங்க," என்றாள்.

யாரும் எழுந்திருக்கவில்லை. "பேரையூர்ல இருந்து வாரேன்க்கா. கேட்டுட்டே போறேன்," என்றான் ஒருவன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். 

"அப்ப நான் சொன்ன பதிலெல்லாம்?"

"சரியாத்தான் இருந்திருக்கும்ணே."

"ஒவ்வொரு தடவையும் எதுல தப்பு விட்டேன்னு எழுதி வச்சிருக்கேன் அமீரு."

நோட்டை எடுத்து நீட்டினான். கேள்வி, தன் பதில், திருத்திய பதில் என்று கோடு போட்டு எழுதியிருந்தான். இரண்டாவது பக்கத்துக்கு மேல் அவளால் புரட்ட முடியவில்லை.

மறுநாள் ஆய்வை நடத்தும் பேராசிரியர் பிலோமினாளிடம் போய், திறமைக் குறைவைப் பற்றித் தான் எழுதிக் கொடுத்திருந்த அத்தியாயத்தைத் திரும்பக் கேட்டாள். ஆய்வுப் பட்டியலில் மிச்சமிருந்த அறுபத்திரண்டு கம்பெனிகளுக்கும், கடைசியாக எப்போது ஆள் எடுத்தீர்கள் என்று கேட்டு, ஒவ்வொன்றாகப் போன் போட ஆரம்பித்தாள்.