வீட்டுக்கு வராத பணம்

நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். அவற்றை எங்கே வைப்பது என்று யோகப்பிரியாவுக்குத் தெரியவில்லை.

தேர்தல் வேலைக்குப் போன ஆசிரியர்களுக்குப் படியை ரொக்கமாகக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். வங்கிக்குப் போகாமல் அவள் கைக்கு நேராக வரும் பணம் அது ஒன்றுதான். படுக்கையறைக் கதவைத் தாழிட்டுவிட்டு நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தாள். பீரோவை மாமியாரும் திறப்பார். கைப்பையில் சார்ஜர் தேடிக் கணவன் கைவிடுவான். சோற்றுப் பையைக் கழுவிக் காயப்போடுவது மாமியார். பாடப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு மகள் டீச்சர் விளையாட்டு விளையாடுவாள். மெத்தை சனிக்கிழமைதோறும் வெயிலுக்குப் போகும். பாலக்காட்டு எல்லையோர எருத்தேன்பதியில் அவர்கள் வீடு பெரிய வீடு. ஏழு அறை, பின்னால் தேங்காய்க் கிடங்கு. மாதம் ஐம்பத்திரண்டாயிரம் சம்பாதிக்கிற ஒருத்தி இரண்டாயிரம் ரூபாயை வைக்க அதில் ஓர் இடம் இல்லை.

"அம்மிணி, கதவத் தாப்பாப் போட்டுட்டு உள்ள என்ன பண்றே?"

மாமியார் முத்தாத்தாளின் குரல்.

"சீலை மாத்தறனுங்க அத்தை."

"சீலை மாத்த இத்தனை நேரமா? மாமனுக்குக் காப்பி வெக்கோணுமல்ல. தாப்பாள நீக்கு."

திறந்தாள். முத்தாத்தாள் முதலில் அவள் கையைப் பார்த்தாள், பிறகுதான் முகத்தை. முத்தாத்தாள் கெட்டவள் இல்லை. மருமகளுக்குக் காய்ச்சல் என்றால் மிளகு ரசம் வைத்துக் கட்டிலுக்கே கொண்டு வருவாள். ஆனால் மருமகளின் கை மூடியிருப்பது மட்டும் அவளுக்குப் பொறுக்காது.

கூடத்தில் மாமனார் ஈஸ்வரமூர்த்தி போனில் தேங்காய் விலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எலெக்சன் காசா? சொல்லவே இல்ல?"

"இப்பத்தானுங்க மாமா வந்தேன்."

"எத்தனை?"

"ரெண்டாயிரமுங்க." அவர் கை நீட்டிவிட்டார். யோகப்பிரியா கொடுக்காமல் நின்றாள். "அம்மாவுக்கு வலது கண்ணுலயும் அழுத்தம் ஏறிருச்சுங்களாமா. ஆபரேசன் பண்ணோணும்னு கோயமுத்தூர்ல சொல்லிட்டாங்க. நாப்பத்தஞ்சாயிரம் ஆகுமுங்க. இது வண்டிச் செலவுக்காச்சும்..."

ஈஸ்வரமூர்த்தி சத்தம் போடுகிறவர் இல்லை. போனைக் கவிழ்த்து வைத்தார்.

"பாரு அம்மிணி, பொண்ணு குடுத்த ஊட்டுக்கு இங்கிருந்து பணம் போச்சுன்னா ஊர்ல என்ன பேசுவாங்க? சாந்தம்மா மக சம்பளத்துல பொழைக்கறாங்கன்னு பேசுவாங்க. அசிங்கம் எனக்கில்ல. அவிய மானத்துக்காகத்தான் சொல்றேன்."

"அப்பா சொல்றதும் செரிதான பிரியா," என்றான் உரக்கடை வைத்திருக்கும் கணவன் ஆனந்தகுமார், சோபாவில் சாய்ந்தபடி. "உரக்கடை பாக்கி கொஞ்சம் வரட்டும். அப்பறமாப் பாக்கலாம்."

நான்கு தாள்களும் மாமனாரின் சட்டைப்பைக்குப் போயின. உள்ளிருந்து ஒரு நூறு ரூபாய் வெளியே வந்தது.

"இந்தா, பஸ்ஸுக்கு வெச்சுக்க."

இந்த வீட்டில் வரதட்சணை வாங்கவில்லை என்று இன்றைக்கும் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். பெண் பார்க்க வந்த அன்று ஈஸ்வரமூர்த்தி எல்லார் முன்னாலும், "நகை வேண்டாம், காரு வேண்டாம். பொண்ணுக்கு ஒரு வேலை இருந்தாப் போதும்," என்றார். அந்த வேலை எப்படி வந்தது என்பதும் எல்லாருக்கும் தெரியும். யோகப்பிரியாவின் அப்பா வாய்க்கால் ஓரத்து இரண்டு ஏக்கரை விற்று, பள்ளிக்கூட மானேஜருக்கு நன்கொடை என்ற பெயரில் கொடுத்தார். இங்கே அரசு உதவி பெறும் பள்ளிகளில் இது வழக்கம். ஆசிரியரை நியமிப்பது மானேஜர். சம்பளம் கொடுப்பது அரசாங்கம். ஒரு முறை நிலத்தை விற்றுக் கொடுத்துவிட்டால் ஓய்வு பெறும் வரை மாதாமாதம் சம்பளம்.

நகையாகக் கொடுத்திருந்தால் கல்யாணத்தன்றே கொடுத்து முடிந்திருக்கும். வேலையாகக் கொடுத்ததால் அது முடியவில்லை. பணம் கணக்குக்கு வந்ததும் கணவன் போனில்தான் மணி அடிக்கும். கல்யாணம் ஆன புதிதில் அவன் எண்ணைத்தான் வங்கியில் கொடுத்தார்கள். கார்டு மாமனாரிடம். அதன் ரகசிய எண் கல்யாண நாள். ஊரார் பார்வையில் ஈஸ்வரமூர்த்தி ஒரு பவுன்கூடக் கேட்காத மனிதர். அவர் கேட்கவில்லைதான். பதினான்கு வருடமாகத் தவணை மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்த நூறு ரூபாயை எடுத்துக்கொண்டு வேலந்தாவளத்துக்கு அம்மாவைப் பார்க்கப் போனாள்.

நிலம் போன மூன்றாம் வருடம் அப்பா இறந்துவிட்டார். சாந்தம்மாள் சந்தைக்குப் பின்னால் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தாள். காய்கறி மண்டியில் தக்காளி பிரிக்கிற வேலை. இடது கண்ணில் பார்வை போய் இரண்டு வருடம் ஆகிறது.

கண்ணுக்குள் எப்போதும் கொஞ்சம் நீர் ஊறும். ஊறுகிற அளவுக்கு வடியவும் வேண்டும். வடிகிற வழி அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, பின்னால் இருக்கிற நரம்பை நசுக்கும். வலிக்காது. பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான். அதற்கு நாள் தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டும், அதற்கும் அடங்காவிட்டால் அறுவை சிகிச்சை. ஒரு மாதத்துக்கான மருந்துப் புட்டியைச் சாந்தம்மாள் காசில்லாமல் மூன்று மாதத்துக்கு நீட்டினாள். இடது கண் போனது அப்படித்தான். அப்போதும் யோகப்பிரியா வீட்டில் கேட்டாள். அப்போதும் உரக்கடையில் பாக்கி வரவேண்டியிருந்தது.

"இந்தப் பக்கம் வந்து உக்காரு சாமி," என்றாள் சாந்தம்மாள். "அந்தப் பக்கம் உக்காந்தீன்னா நீ வராத மாதிரியே இருக்குது."

யோகப்பிரியா எழுந்து வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"மண்டியில வேலைக்குப் போறியாம்மா?"

"போகாம? தக்காளி அழுகலா நல்லதான்னு கையே சொல்லீருது. கண்ணு எதுக்கு, வெலை எழுதறவனுக்குத்தான் வேணும்." சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவியகிட்டக் கேட்டியா?" என்றாள்.

"கேட்டேன்."

"கேக்காத கண்ணு. என்ற கண்ணுக்காக நீ அங்க தலை குனிஞ்சு நிக்காத. வர்ற வரைக்கும் வரட்டும்."

சம்பளக் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றிவிட்டால் என்ன என்று திரும்பி வரும் பஸ்ஸில் யோசித்தாள். மாற்றலாம். ஆனால் அடுத்த முதல் தேதி கணவன் போனில் மணி அடிக்காது. அன்றைக்கே வீட்டில் சண்டை வெடிக்கும். நடுவில் மகள் நிற்பாள். நகையை அடகு வைக்கலாம் என்றால், அம்மா போட்டனுப்பிய ஒரு சங்கிலியும் உரக்கடைக்காக ஏற்கெனவே அடகுக்குப் போயிருந்தது. கடைசியில் கடன் கேட்பது என்று முடிவு செய்தாள்.

தலைமையாசிரியை ஐசும்மா பாலக்காட்டு டவுன்காரி. மார்க்கெட்டில் அவர்களுக்கு மளிகைக் கடை. யோகப்பிரியாவைவிட ஒரு வயது மூத்தவள், வாய் ஓயாதவள். மறுநாள் மதியம் பள்ளியில் கம்ப்யூட்டரில் சம்பளப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், ஒரு நாப்பத்தஞ்சாயிரம் கெடைக்குமுங்களா? அம்மாவுக்கு ஆபரேசன். மாசம் கொஞ்சம் கொஞ்சமாத் தந்தர்றேன்."

"எதுல இருந்து தருவே? கார்டுதான் உங்க மாமனார் ஜேபியில இருக்கே. எலெக்சன் காசையே புடுங்கிட்டாருன்னு போன வாரம் நீதானே அழுதே?"

யோகப்பிரியா போகத் திரும்பினாள்.

"அது கெடக்கட்டும். சொந்தப் பணத்த வெச்சிட்டு எங்கிட்ட எதுக்குடீ கடன் கேக்கறே?"

"எம் பணமுங்களா?"

"பின்னே என் பணமா? பி.எஃப். இருக்கேடீ."

ஐசும்மா திரையை அவள் பக்கம் திருப்பினாள். மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் சொச்சம்.

மாதச் சம்பளம் இரண்டு இடத்துக்குப் போகிறது. பெரும்பகுதி வங்கிக்கு. அதற்கு முன்பே சேமநிதிக்கு ஒரு சிறு பகுதி பிடிக்கப்பட்டு, ஆசிரியரின் பெயரில் அரசாங்கத்திடம் வட்டியோடு சேர்கிறது. குறைந்தபட்சம் இவ்வளவு பிடிக்க வேண்டும் என்றுதான் சட்டம். அதற்கு மேல் எவ்வளவு பிடிக்கலாம் என்பதை ஆசிரியரே எழுதிக் கொடுக்கலாம். சிகிச்சைக்கு என்றால் அதிலிருந்து முன்பணம் வாங்கலாம். அந்த முன்பணமும் தவணையாகச் சம்பளத்திலேயே கழியும். பிடித்தது போக மிச்சம்தான் வங்கிக்குப் போகும். ஆனந்தகுமார் போனில் வருவது அந்த மிச்சம். சம்பளச் சீட்டை வருமான வரிக்காக அவன்தான் வாங்கி வைப்பான். அதிலும் கடைசி வரியை மட்டும் பார்ப்பான். யோகப்பிரியாவோ, பிடித்தம் என்றால் போய்விட்ட பணம் என்றே நினைத்திருந்தாள்.

"இது எப்ப இருந்துங்க டீச்சர் இருக்குது?"

"நீ சேர்ந்த மாசத்துல இருந்து."

"ரெண்டு வருசத்துக்கு மிந்தியும்?"

"இருந்திருக்கும். ஒரு ரெண்டு, ரெண்டேகால் லட்சம்."

"அப்ப முன்பணத்துக்கு அபேக்ஷை எழுதிக் குடுத்திருந்தா?"

"ரெண்டு வாரத்துல வந்திருக்குமே. ஏன்டீ?"

யோகப்பிரியா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஐசும்மாவுக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் அந்த இடது கண் ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டரை விட்டு எழுந்து வந்தாள்.

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்டீ. அல்லா மேல சத்தியமா, தெரியும்னுதான் நெனச்சேன்."

"நீங்க என்ன டீச்சர் பண்ணுவீங்க. பதினாலு வருசமா நாஞ்சம்பாதிக்கறேன். எனக்கே தெரியலையே."

வெளியே பிள்ளைகள் சோற்றுத் தட்டுகளை அலம்பிக்கொண்டிருந்தார்கள். யோகப்பிரியா முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து இரண்டு விண்ணப்பங்கள் எழுதினாள். ஒன்று, அம்மாவின் சிகிச்சைக்கு முன்பணம். மற்றது, மாதப் பிடித்தத்தைப் பத்தாயிரம் கூட்டச் சொல்லி. மறுநாள் கொழிஞ்சாம்பாறையில் தன் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்குத் தொடங்கினாள். தன் போன் எண்ணைக் கொடுத்தாள்.

பயிற்சி வகுப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டு அம்மாவைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப் போனாள். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வலது கண் இருக்கிறபடி இருக்கும், இனிக் குறையாது என்றார் டாக்டர். இடது கண்ணையும் விளக்கடித்துப் பார்த்தார்.

"இதை ரெண்டு வருசம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாம்," என்றார்.

"அப்ப முடியலீங்க," என்றாள் சாந்தம்மாள், மகளை முந்திக்கொண்டு.

அடுத்த மாத முதல் தேதி காலை ஆனந்தகுமாரின் போனில் மணி அடித்தது.

"என்னப்பா இது? முப்பத்தொம்பதரைதான் வந்திருக்குது."

"நல்லாப் பார்ரா."

"பாத்துட்டேன். ஏன் பிரியா, என்ன ஆச்சு?"

"பி.எஃப். புடிச்சிருக்காங்க," என்றாள் யோகப்பிரியா, காப்பித் தம்ளரை மாமனாரிடம் நீட்டியபடி.

"இத்தனையுமா? எல்லாத்துக்குமா புடிக்கறாங்க?"

"எல்லா டீச்சருக்கும் பி.எஃப். உண்டுங்க."

ஈஸ்வரமூர்த்தி தம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். முகம் கறுத்துவிட்டது. "கெரகம் புடிச்ச கவர்மெண்டு. டி.ஏ. குடுக்க மாட்டான், புடிக்க மட்டும் வந்துருவான். எப்பத் திருப்பிக் குடுப்பானாமா?"

"ரிட்டையர் ஆனா மொத்தமாத் தருவாங்க மாமா."

"அதுக்கு இன்னும் இருவது வருசம் கெடக்குது!"

"கவர்மெண்டுக்குப் பஞ்சமாட்ட இருக்குது," என்றாள் முத்தாத்தாள் சமையலறையிலிருந்து. "உடுங்க. அரசாங்கம் எடுத்தா நாம போயிக் கேக்க முடியுமா?"

"அதானே," என்று ஈஸ்வரமூர்த்தி ஒப்புக்கொண்டு காப்பியை எடுத்தார்.

இரண்டாயிரம் ரூபாய்க்கு மானத்தைப் பற்றிப் பேசியவர், கூட்டிய பத்தாயிரமும் முன்பணத் தவணையும் சேர்ந்த பன்னிரண்டாயிரத்து ஐந்நூறைக் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டார். மருமகள் எடுத்தால் களவு. அரசாங்கம் எடுத்தால் சட்டம். தான் உழைத்ததில் தனக்கு என்று கொஞ்சம் வைத்துக்கொள்ள, ஒரு பெண் அரசாங்கத்தின் பெயரில்தான் அந்த வீட்டில் எடுக்க வேண்டியிருந்தது. சர்க்கரை போதுமா என்று யோகப்பிரியா கேட்டாள். போதும் என்றார்.

அம்மாவைப் பார்க்கப் போனால் யோகப்பிரியா இப்போதும் வலது பக்கம்தான் உட்காருகிறாள்.

போன வாரம் பள்ளிக்குப் புதிதாக வந்த ஓர் ஆசிரியை, கல்யாணம் நிச்சயமானவள், சம்பளத்தில் தனக்கென்று எப்படிக் கொஞ்சம் வைத்துக்கொள்வது என்று தயங்கித் தயங்கி அவளிடம் கேட்டாள். யோகப்பிரியா ஒளிக்காமல் சொன்னாள். சம்பளப் பட்டியல் போடுவதற்கு முன், என் பி.எஃப். சந்தாவை இவ்வளவாக உயர்த்துங்கள் என்று ஒரு தாளில் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுக்க வேண்டும். அந்தப் பணம் வங்கிக்குப் போகாது. வங்கிக்குப் போகாதது வீட்டுக்கும் வராது. சிகிச்சை போன்ற தேவை வந்தால் காரணத்தை எழுதி, தன் பெயரில் மட்டும் உள்ள கணக்குக்கு முன்பணம் வாங்கிக்கொள்ளலாம். இரண்டு விண்ணப்பத்துக்கும் ஆசிரியையின் கையெழுத்துப் போதும். கணவனின் கையெழுத்து வேண்டியதில்லை.