வயிற்றுப்பட்டை கட்டிய பைன்

1

இந்தக் கதை என் சமையலறைத் தரை வழியாக வந்தது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்பில் உடோன் நூடுல்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. கீழ்வீட்டிலிருந்து ஒரு பெண்குரல்:

"ஆமா! அந்த மரத்துக்கு வயித்துப்பட்டை கட்டினது நான்தான்! போதுமா?"

பிறகு ஓர் ஆண்குரல். சொற்கள் தெரியவில்லை. பிறகு இருவரும் சிரித்தார்கள். நெடுநேரம் சிரித்தார்கள். நான் தரையில் காதை வைத்தேன். (ஆம், வைத்தேன். உடோன் குழைந்துவிட்டது.)

அப்போது என்னிடம் இருந்தது அவ்வளவுதான். ஒரு வாக்கியம், ஒரு சிரிப்பு. மீதியை நான் கட்டினேன். எங்கே கட்டினேன் என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "அந்தப் பைன் மரம் நாற்பது குளிர்காலங்களைப் பார்த்திருந்தது. அதன் மௌனத்தில்—"

மரம் எதையும் பார்ப்பதில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "தனிமை என்பது—"

இதையும்.

மூன்றாவது: "கீழ்வீட்டுக் குனிஹிகோவும் சயோகோவும் அக்டோபரில் திருமணம் செய்துகொண்டார்கள். அவருக்கு ஐம்பத்தெட்டு, அவளுக்கு ஐம்பத்தைந்து. இருவருக்கும் அதுதான் முதல் திருமணம்."

இது இருக்கட்டும். (வயது மட்டும் என் கணிப்பு.)

அவர் தீவுகளுக்குப் போகும் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிறார். அவள் பள்ளிச் சீருடை தைக்கிறாள். இருவரையும் அறிமுகப்படுத்தியவர் ஷினோஹரா, படகுத்துறையில் குனிஹிகோவின் சக ஊழியர். திருமணப் பரிசாக ஒரு பைன் போன்சாய் கொடுத்தார். தட்டையான தொட்டி, முறுக்கிய தண்டு, ஐந்தைந்தாக ஊசியிலைகள்.

இருவரும் அதுவரை ஒரு கீரைச்செடிகூட வளர்த்ததில்லை. எங்கள் தகமாட்சு நகரத்தில் இது அபூர்வம். இங்கே தெருவுக்கு ஒருவர் பைன் வளர்க்கிறார். இவர்கள் எப்படித் தப்பினார்கள் என்று தெரியவில்லை.

3

பைனுக்குக் காற்றும் குளிரும் வேண்டும். விருந்தினர் வந்தால் இரண்டு நாள் வீட்டுக்குள் வைப்பார்கள். பிறகு வெளியே போய்விடும். இது ஷினோஹராவுக்குத் தெரியும்.

ஆனால் ஷினோஹரா ஞாயிறுதோறும் வருவார். சொல்லாமல் வருவார். அவர் கொடுத்த பரிசு பால்கனியில், துணி காயும் கம்பத்துக்குக் கீழே, காற்றில் கிடந்தால்? ஆகவே மரம் விருந்தினர் அறை மாடத்திலேயே இருந்தது. பக்கத்தில் ஹீட்டர்.

டிசம்பரில் ஊசிகள் மஞ்சளாகத் தொடங்கின. ஷினோஹரா பார்த்தார். கொடுத்தவரே எப்படிக் குறை சொல்வது?

"கலர் நல்லா வந்திருக்கே" என்றார்.

"எல்லாம் உங்க கைராசி, ஷினோஹரா சான்."

"நல்ல இடமாப் பார்த்து வச்சிருக்கீங்க."

"இன்னொரு ஆரஞ்சு எடுத்துக்குங்க."

அடுத்த ஞாயிறு மரம் இன்னும் மஞ்சள். அவர் இன்னும் அதிகமாகப் புகழ்ந்தார்.

(இதை எழுதும்போது சிரித்துவிட்டேன். மூன்று பேர் சேர்ந்து ஒரு மரத்தை மரியாதையாலேயே கொல்லப் பார்க்கிறார்கள்.)

4

சயோகோவை முதலில் சோகமானவளாக எழுதினேன். பொருந்தவில்லை. அப்படிக் கத்துகிற ஒருத்தி சோகமாக இருக்க முடியாது. ஆகவே அவளிடமிருந்து சோகத்தை எடுத்துக்கொண்டு ஓர் ஆப்பிள் பெட்டியைக் கொடுத்தேன்.

உண்மையில் பெட்டி நான் கட்டியதல்ல. அக்டோபரில் இரண்டு பேர் அதைப் படியில் தூக்கி வந்ததைப் பார்த்தேன். மரப்பெட்டி, மூடி ஆணியடித்தது. உள்ளே என்ன என்பதுதான் என் கற்பனை: தனியாக வாழ்ந்த காலத்துக் கோப்பைகள், ஒரு ரேடியோ, நல்ல கத்தரிக்கோல். அவள் அதை இன்னும் பிரிக்கவில்லை. சரிப்பட்டு வராவிட்டால் கிளம்புவது சுலபம் என்று நினைத்திருக்கலாம். நடைவழியில் கிடந்தது. குனிஹிகோ தினமும் அதைப் பக்கவாட்டில் நகர்ந்து தாண்டினார். கேட்கவில்லை.

மரம் செத்தால் அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று அவர் பயந்தார். மரம் செத்தால், வந்தவள் கை ராசியில்லாத கை என்று அவர் நினைப்பார் என்று அவள் பயந்தாள். இருவரும் வெளியே சொல்லவில்லை. இருவரும் மரத்தைக் காப்பாற்றத் தொடங்கினார்கள். தனித்தனியாக.

5

விடியற்காலையில் குனிஹிகோ எழுந்து ஜன்னலைத் திறப்பார். பைனுக்குக் குளிர் வேண்டும் என்று படகுக்கு வந்த யாரோ சொல்லியிருந்தார்கள்.

அவர் வேலைக்குப் போனதும் சயோகோ ஜன்னலை மூடுவாள். பாவம், மறந்துவிட்டார். மரத்தை ஹீட்டர் பக்கம் நகர்த்துவாள். தண்ணீர் ஊற்றுவாள்.

மாலையில் அவர் ஈரமண்ணைப் பார்ப்பார். தண்ணீர் வடியவில்லை போலிருக்கிறது. அவள் குளிக்கும்போது துண்டால் ஒற்றி எடுப்பார்.

படுக்கும் முன் அவள், குளிருக்கு வயிற்றில் போட்டுக்கொள்ளும் தன் கம்பளி வயிற்றுப்பட்டையைத் தண்டில் சுற்றுவாள். அவருக்கு முன்னால் எழுந்து அவிழ்த்துவிட்டு, திரும்ப வந்து தூங்குவதுபோல் படுத்துக்கொள்வாள்.

6

யாராவது பேச வேண்டும். யார்?

குழாய் ரிப்பேர்காரர்: வசதிக்காக வருகிறவர். வேண்டாம்.

பூனை தொட்டியைத் தள்ளிவிடுகிறது: எனக்குப் பூனைகளைத் தெரியும், அவை கதைக்கு உதவாது.

ஷினோஹரா குடித்துவிட்டு வருகிறார்: மூன்று பக்கம் எழுதினேன். "யோவ், அந்த மரத்தைத் தூக்கி வெளியே—" முடிக்கவில்லை. அவர் குடித்தால் பாட்டுதான் பாடுவார்.

கடைசியில் மிகச் சாதாரணமான வழி. ஒரு ஞாயிறு சயோகோ அதிகம் தூங்கிவிட்டாள்.

"சயோகோ சான்."

"சொல்லுங்க, குனிஹிகோ சான்."

"மரம் உங்க வயித்துப்பட்டையைப் போட்டுக்கிட்டிருக்கு."

"...அதுக்குக் குளிருமேன்னு."

"நல்லதுதான். ஆனா..."

"ஆனா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா ஏன் ஆனாங்கறீங்க?"

"பைனுக்குக் குளிர் வேணுமாம். அதான் நான் தினமும் ஜன்னலைத் திறந்து வைக்கிறேன்."

"திறந்து வைக்கிறீங்களா? மறந்துட்டுப் போறீங்கன்னு தினமும் மூடிட்டு, தண்ணியும் ஊத்தறேன்!"

"ஊத்தறது நீங்களா? நான் துண்டை வச்சு ஒத்திக்கிட்டே கிடக்கறேன்!"

"சொல்லியிருக்கலாமில்ல?"

"உங்க மனசு கஷ்டப்படுமேன்னு பார்த்தேன். அந்தப் பெட்டியைத் தாண்டி நண்டு மாதிரி நடக்கறேனே, அதையாவது கேட்டேனா?"

"ஏன் கேக்கல? கேட்டாத்தானே திறக்க முடியும்!"

"அப்ப நான் கேக்காததுதான் தப்பா? மரத்துக்கு ஸ்வெட்டர் போட்டது யாரு, நானா?"

"ஆமா! அந்த மரத்துக்கு வயித்துப்பட்டை கட்டினது நான்தான்! போதுமா?"

குனிஹிகோ மரத்தைப் பார்த்தார். நாற்பது வருடக் கம்பீரம், இடுப்பில் பழுப்புக் கம்பளி.

"உங்களைவிட அதுக்குத்தான் அளவா இருக்கு" என்றார்.

இங்கேதான் சிரிப்பு.

7

இனி வருவது கட்டியதல்ல. கீழ்வீட்டு பால்கனி என்னுடையதைவிட முன்னால் நீண்டிருக்கிறது. எட்டிப் பார்த்தால் தெரியும். எட்டிப் பார்த்தேன்.

சிரிப்பு அடங்கியதும் குனிஹிகோ அங்கே தொட்டியோடு வந்து நின்றார். "தரையில வெயில் படல. சுவர் மறைக்குது."

சயோகோ உள்ளே போனாள். ஆணி பிடுங்கும் சத்தம். பிறகு ஒவ்வொன்றாக எதையோ எடுத்து வைக்கும் சத்தம். கோப்பைகள்! (நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.) காலிப் பெட்டியோடு வந்து கவிழ்த்தாள். அவர் தொட்டியை அதன்மேல் வைத்தார்.

"ஏங்க, கொஞ்சம் இடது பக்கம்."

"இப்படியா?"

"அது வலது."

பிற்பகலில் ஷினோஹரா வந்தார். காலி மாடத்தைப் பார்த்திருக்க வேண்டும். என் தரை அதிர்ந்தது.

"வெளிய வச்சுட்டீங்களா? அப்பாடா! டிசம்பர்லேருந்து வாய்க்குள்ளயே வச்சுக்கிட்டுச் சாகறேன்!"

8

மரம் பிழைத்ததா?

முடிவு ஒன்று: ஏப்ரலில் கிளை நுனிகளில் வெள்ளைக் குருத்துகள், மெழுகுவத்திபோல. அளவுக்கு மீறித் தித்திக்கிறது.

முடிவு இரண்டு: மரம் செத்தது, அவர்கள் இன்னொன்று வாங்கினார்கள், வாழ்க்கை— போதும்.

பைன் அவசரப்படாது. செத்த பிறகும் சில வாரம் பச்சையாக இருக்கும். உயிரோடு மஞ்சளாகவும் இருக்கும். இந்தக் கதையோ மார்ச்சில் அச்சுக்குப் போக வேண்டும்.

இன்று காலை கீழிருந்து கூப்பிட்டார்கள்.

"மேல்வீட்டம்மா! கொஞ்சம் எட்டிப் பாருங்க. உச்சியில வெள்ளையா என்னமோ இருக்கு. நான் குருத்துங்கறேன், இவர் பிசினுங்கறார்."

"பிசின்தான்."

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பேசுங்க."

"நீ முதல்ல தலையை நகர்த்து. அவங்களுக்கு மறைக்குது."

"மறைக்கறது உங்க தலை!"

எட்டிப் பார்த்தேன். இரண்டு நரைத்த தலைகள் ஒட்டிக்கொண்டு தெரிந்தன. நடுவில், ஊசிகளுக்கு மேலே, வெள்ளையாக ஏதோ ஒன்று. என் கண்ணுக்கு அது வெள்ளை, அவ்வளவுதான்.

"தெரியுதாம்மா?"

என் பால்கனிக் கம்பிக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர் நிற்க இடம் இருக்கிறது. நான் நகர்ந்துகொள்கிறேன். வாருங்கள், இதைப் படிக்கும் நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். கீழே இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.